மகளுக்கு வாசித்த இயந்திரப் பாடம்

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது என் மகளின் வலது கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்தது. ஒர்க்‌ஷாப் வகுப்பில் கிரைண்டரில் ஒரு துண்டு இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். வியர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கிப் போனதால் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள். சாயங்காலம் எங்கள் ஊர் கீரமங்கலத்தில் கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியவள், "தூசிம்மா, கழுவுனா போயிரும்" என்றாள். கழுவினோம். போகவில்லை. மறுநாள் கண் சிவந்து வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். புதுக்கோட்டையில் கண் டாக்டர் துகளை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் கருவிழியில் புண் வந்துவிட்டது.

மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. வெயில் ஆகாது, தூசி ஆகாது. "ஒரு கண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் சேந்துதான் அசையும். அதனால ரெண்டு கண்ணுக்கும் ஓய்வு வேணும். புத்தகம், போன், டிவி எதுவும் கூடாது" என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். ஆறுவதைப் பொறுத்து என்றார்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். என் கணவர் குவைத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்புப் பிரிவில் உதவியாளாக இருக்கிறார். மகளை மெக்கானிக்கலில் சேர்த்தது அவருடைய முடிவு. அவள் நர்சிங் கேட்டாள். "இங்க ஃபிட்டருக்கு எம்புட்டு மரியாதைன்னு நீங்க பாக்கணும். பொம்பளப் புள்ளைகளையும் இப்ப எடுக்குறாங்க" என்று போனிலேயே பேசி முடித்துவிட்டார். அவளும் அடம் பிடிக்கவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். காலேஜ் விட்டு வருவாள், சாப்பிடுவாள், போனை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். வயசுப்பெண் அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடப்பது அவளுக்கு வலியைவிடக் கொடுமையாக இருந்தது. இயந்திர உறுப்புகள் பற்றிய ஒரு பாடத்தில் ஏற்கெனவே ஒருமுறை தோற்று அரியர் வைத்திருந்தாள். பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் வாசிக்கவாடி?" என்றேன்.

"ஒனக்குப் புரியாதும்மா."

"எனக்கு எதுக்குப் புரியணும்? நீதானே கேக்கப் போற."

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில் காமர்ஸ் படித்தவள். கல்யாணத்தோடு படிப்பு நின்றது. பாடப் புத்தகமோ ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். நான் தப்பாகச் சொல்லும் சொல்லை அவள் கண்ணை மூடியபடியே திருத்துவாள். முதல் நாளே 'கீ' என்று ஒரு தலைப்பு வந்தது.

"சாவியா? மெஷினுக்கு எதுக்குடி சாவி? பூட்டு எங்க இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். "அந்தச் சாவி இல்லம்மா. ஷாஃப்ட்டுன்னா சுத்துற தண்டு. அதுலயும் பள்ளமா ஒரு காடி வெட்டியிருப்பாங்க, அதுல மாட்டுற புல்லிச் சக்கரத்துக்குள்ளயும் ஒரு காடி வெட்டியிருப்பாங்க. ரெண்டையும் நேரா வச்சு நடுவுல சின்னதா ஒரு இரும்புக் கட்டைய எறக்கிருவாங்க. அப்பறம் ஷாஃப்ட் சுத்துனா புல்லியும் சேந்துதான் சுத்தணும். தனியா வழுக்க முடியாது." சொல்லிக்கொண்டே இரண்டு கைகளாலும் காற்றில் சுற்றிக் காட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் சோறு வடிக்கும்போது எனக்கு அந்த இரும்புக் கட்டை ஞாபகமாகவே இருந்தது. அத்தனை பெரிய சக்கரத்தையும் தண்டையும் விரல் அளவு ஒரு துண்டு பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம் அடுத்த பக்கத்தில் இருந்தது. பாரம் அளவுக்கு மீறினால் முதலில் அந்தக் கட்டை அறுந்து போகட்டும் என்றுதான் அதைச் சிலசமயம் மென்மையான இரும்பில் செய்வார்களாம். மலிவான துண்டு போனால் விலை அதிகமான ஷாஃப்ட் தப்பித்துவிடும். அந்த வரியை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவே இல்லை.

"என்னம்மா, நிறுத்திட்ட?"

"இல்லடி. எவனோ நல்லா யோசிச்சிருக்கான்."

அப்புறம், சுற்றும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் பற்றிய பாடம் வந்தது. உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க ஒரு கூடு. பாரம் ஷாஃப்டுக்குக் குறுக்கே வந்தால் ஒரு வகை பேரிங், நெடுக வந்து அழுத்தினால் இன்னொரு வகை. இந்த இடம் எனக்கு விளங்கவில்லை. மூன்று தரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு கிணற்று ராட்டினம் நினைவுக்கு வந்தது. கயிறு அதன் அச்சைக் குறுக்கே கீழ்நோக்கி இழுக்கிறது. தலையில் தண்ணீர்க்குடம் வைத்தால் பாரம் கழுத்து வழியாக நெடுக இறங்குகிறது. "அப்பிடித்தானேடி?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பிடித்தாம்மா. எங்க சார் இப்பிடிச் சொல்லியிருந்தா எனக்கு அரியரே விழுந்திருக்காது."

இந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் நான் அவளுக்காக மட்டும் வாசிக்கவில்லை என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. மாவு அரைத்து முடித்ததும் கிரைண்டரைச் சாய்த்து, அடிமூடியைக் கழற்றி பெல்ட்டைப் பார்த்தேன். பெல்ட் புல்லிப் பள்ளத்தின் அடியில் உட்காரக் கூடாது, இரண்டு பக்கச் சுவரையும்தான் கவ்வ வேண்டும் என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டுப் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டிருந்தது. ஆட்டும்போது கல் அவ்வப்போது நின்று நின்று சுற்றியதற்குக் காரணம் அதுதான். நான் இத்தனை நாளும் கரண்டு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலங்குடியில் அதே அளவில் ஒரு பெல்ட் வாங்கி நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் கல் சீராகச் சுற்றியது. படுத்திருந்த மகளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "பெரிய இன்ஜினியர்தான்" என்றாள். குரலில் கேலி இருந்தது, ஆனால் ஆசையான கேலி.

எங்கள் தெருவின் கோடியில் ஒரு கயிற்று நார் மில் இருக்கிறது. புயலில் இந்தப் பக்கத்துத் தென்னைகள் எல்லாம் சாய்ந்தபோது மூடிக் கிடந்து, பிறகு தேங்காய் மட்டை வரத் தொடங்கியதும் திரும்ப ஓடியது. அத்தனை வருஷமும் அதன் இரைச்சலையும் தும்புத் தூசியையும் திட்டிக்கொண்டே இருந்த நான், ஒருநாள் உள்ளே போய், "கொஞ்சம் பாத்துக்கிறட்டுங்களா?" என்று கேட்டேன். மில்காரர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். எதற்கு என்று விசித்திரமாகப் பார்த்தார். மகளின் பாடத்துக்கு என்றேன்.

நீளமான ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் பேரிங்கைத் தாங்கிக் கால் ஊன்றிய இரும்புப் பெட்டிகள், மோட்டாரிலிருந்து வரிசையாக வரும் பெல்ட்டுகள். புத்தகத்தில் கோட்டுப் படமாகப் பார்த்ததெல்லாம் அங்கே கிரீஸும் தூசியுமாக, பயம் வரும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முனையில் மட்டும் ஒரு ஊளைச் சத்தம். அங்கே இருந்த ஃபிட்டர் கறம்பக்குடிக்காரர், என் வயசு இருக்கும்.

"அண்ணே, இந்தப் பக்கத்துப் பேரிங் போகப் போகுதோ?"

"ஆமாங்க, தெரியும். ஞாயித்துக்கெழமை மில்லு லீவு. அன்னைக்கி மாத்தணும். தும்புத் தூசி சீலுக்குள்ள போயிருது. தூசி உள்ள போனா கிரீஸு காஞ்சுரும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்கும் கேட்டதே என்று அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளிடம் அதையே பேசினேன். சீல் என்பது வாசல்காரன் மாதிரி, கிரீஸை வெளியே விடாது, தூசியை உள்ளே விடாது என்றேன். கிரீஸைக் கூடுதலாக அடைத்தாலும் பேரிங் சூடாகிவிடும், அது தெரியுமா என்றேன். "நீதானம்மா நேத்து வாசிச்ச" என்று சிரித்தாள். நாங்கள் இருவரும் அப்படிப் பேசிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

புண் ஆறியது. கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும் நின்றுவிட்டது. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு, "எழுத்து மங்கலா இருக்கும்மா, நீயே வாசி" என்றாள். நான் வாசித்தேன். கியர், கப்ளிங், செயின் என்று புத்தகம் முடிகிற வரைக்கும் வாசித்தேன். பரீட்சை எழுதினாள். எந்தப் பாடத்தில் தோற்றிருந்தாளோ அந்தப் பாடத்தில்தான் அவளுக்கு அதிக மதிப்பெண் வந்தது. மதிப்பெண்ணைப் போனில் பார்த்ததும் நான்தான் அவளைவிட அதிகமாகக் குதித்தேன்.

மூன்றாம் வருஷக் கடைசியில், ஆள் எடுக்க வெளியூர்க் கம்பெனி ஒன்று பாலிடெக்னிக்குக்கு வந்தது. பராமரிப்புப் பிரிவுக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்றார்கள். முதல்நாளே அவளுடைய சுடிதாரைத் தேய்த்து வைத்தேன். காலையில் நானும் கூடவே போனேன். மற்ற பெற்றோர்களோடு சைக்கிள் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். என்ன கேள்வி கேட்பார்கள், அவள் என்ன சொல்வாள் என்று மனசுக்குள் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாப் பதிலும் எனக்குத் தெரிந்தது.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். "முடிஞ்சிருச்சும்மா, வா போலாம்" என்றாள். என்ன கேட்டார்கள் என்றதற்கு, "அப்பறம் சொல்றேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் டீ வாங்கி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"நான் உள்ளயே போகலம்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. "ஏன்டி, கூப்புடலையா?"

"கூப்பிட்டாங்க. பாத்ரூம்ல போயி நின்னுக்கிட்டேன்."

"எல்லாந்தான் ஒனக்குத் தெரியுமே. பேரிங்கு, பெல்ட்டு, அத்தனையும் தெரியுமே."

"எனக்கு இல்லம்மா. ஒனக்குத்தான் தெரியும்."

டீயை அப்படியே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். ஒர்க்‌ஷாப் கிரைண்டர் சத்தம் கேட்டாலே கை தானாகக் கண்ணுக்குப் போய்விடுகிறதாம். ஒர்க்‌ஷாப் வகுப்பில் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுதான் மூன்றாம் வருஷத்தை ஓட்டினாளாம். தோழிகள்தான் அவளுடைய வேலையையும் சேர்த்துச் செய்து கொடுத்தார்களாம்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? நீ பேரிங்கப் பத்திப் பேசுறப்ப ஒன் மூஞ்சியப் பாக்கணும். அப்பிடி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்லம்மா. கண்ணு எப்பவோ சரியாயிருச்சு. நல்லாத்தான் தெரிஞ்சுச்சு. நீ வாசிக்கிறது நிக்கக் கூடாதுன்னுதான் மங்கலா இருக்குன்னு சொன்னேன்."

பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவள் தூங்கிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. என்மேலும் வரவில்லை. யாருக்குச் சேர வேண்டிய படிப்போ அது ஆள் மாறி வந்துவிட்டதே என்று மட்டும் இருந்தது. அவள் வயசில் இந்தப் புத்தகம் என் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஆலங்குடி வந்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் ஆசை சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, அவளுக்குத் தெரியாமல், பெண்களுக்கு மெஷின் பராமரிப்பு சொல்லித் தருகிற குறுகிய காலப் பயிற்சி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன். பயிற்சி மையத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என்னை உட்காரச் சொல்லி, "உங்க பொண்ணுக்காகவாம்மா?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். வயசு வரம்பு தாண்டிவிட்டது என்று வருத்தமாகத்தான் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள்.

கணவரிடம் போனில் சொன்னேன். "ஏம்புள்ள, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? நான் இங்க அந்தக் கிரீஸுலயே கெடந்து அலுத்துப் போயிருக்கேன்" என்றார்.  பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்கு மட்டும் புடிச்சா செய்யிறேன்? ஃபிட்டரப் பாக்குறப்பல்லாம், நம்ம புள்ளையும் இந்த எடத்துக்கு வரணும்னு தோணுச்சு. அவகிட்டக் கேட்டிருக்கணும்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

கடைசியாக மில்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தேன். ஃபிட்டருக்குக் கூடமாட நிற்கிறேன், கிரீஸ் வைக்கிறேன், பெல்ட் பார்க்கிறேன் என்றேன்.

"அக்கா, நார் காயவைக்கிற வேலைன்னா நாளைக்கே வாங்க. ஓடுற மெஷினுகிட்ட மட்டும் வேணாம். ஒங்க சேலை முந்தி பெல்ட்டுல சிக்கிருச்சுன்னா குவைத்துல இருக்குற அண்ணனுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

சேலை கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதிலும் தப்பில்லை. தொளதொளவென்ற துணியோடு சுற்றும் பாகத்தின் பக்கத்தில் போகக் கூடாது என்று நானே மகளுக்கு வாசித்திருக்கிறேன். நார் காயவைக்கும் வேலைக்கு நான் போகவில்லை.

மகள் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வரவேற்பறை வேலைக்குச் சேர்ந்தாள். நர்சிங் படிக்க வயசும் நேரமும் போய்விட்டதாக அவளே முடிவு செய்துகொண்டாள். இப்போதும் படிக்கலாமே என்று நான் இரண்டொரு முறை சொன்னேன். "விடும்மா" என்றாள். நர்சுகளோடுதான் அவளுக்குச் சிநேகம். அவர்கள் தூங்கப் போகும் நேரம், எந்த வார்டு கஷ்டம் என்றெல்லாம் போனில் சொல்வாள். சொல்லும்போது குரலில் ஒரு வேகம் வரும். 

போன மாதம் அவளைப் பார்க்கத் திருச்சிக்குப் போனேன். தேங்காய், பலாச்சுளை, முறுக்கு என்று ஒரு பை நிறைய. புதுக்கோட்டை தாண்டியதிலிருந்தே பஸ்ஸுக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். வேகம் எடுத்தால் சத்தமும் எடுத்தது, வேகம் குறைந்தால் குறைந்தது. என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் ஒரு ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த அம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் என்னவென்று சொல்வது? கீரனூருக்கு முன்னால் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "ஜாயின்ட் போச்சு" என்று கண்டக்டரிடம் சொன்னார். எங்களையெல்லாம் இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டினார்கள். எல்லாரும் வெயிலைத் திட்டிக்கொண்டு நிழல் தேடிப் போனார்கள். நான் கொஞ்ச நேரம் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றேன். குனிந்து பார்க்க ஆசையாக இருந்தது. நடுவயசுப் பெண் ரோட்டில் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சமாகவும் இருந்தது. அடுத்த பஸ் வந்துவிட்டது.

மகள் பஸ் ஸ்டாண்டில் நெடுநேரமாகக் காத்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டே, "ஏம்மா இம்புட்டு லேட்டு?" என்றாள்.

"பஸ்ஸு ரிப்பேராயிருச்சு. எறக்கி வேற பஸ்ஸுல ஏத்திவிட்டாங்க."

"என்ன ரிப்பேராம்?"

தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாட்களில் பாடம் கேட்க உட்காரும்போது அப்படித்தான் சாய்ப்பாள். நான் சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"தெரியலடி" என்றேன். "நீ சாப்புட்டியா?"

"இன்னும் இல்லம்மா" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கக் கூட்டிப் போனாள்.